காணாமல் போன 5 செ.மீ.: மடங்கு மூலம் தேடிய அனுபவம்

மாமாவுக்குத் தகரப் பட்டறை. ஜி.ஐ. தகட்டில் தட்டு, பெட்டி, புனல் என்று கேட்டதைச் செய்து கொடுப்பார். சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் சின்னச் சதுரங்களை வெட்டி, ஓரங்களை மேலே மடித்துப் பற்றவைத்தால் மூடியில்லாத தட்டு தயார். வருகிறவர்கள் "இத்தனை லிட்டர் பிடிக்க வேண்டும்" என்பார்கள். மூலையில் எவ்வளவு வெட்டுவது என்பதுதான் மாமாவின் கேள்வி. அதற்காகப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். தகட்டின் அளவையும் கொள்ளளவையும் தட்டினால் வெட்டின் அளவு வரும்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"மாப்ள, முப்பது சென்டிமீட்டர் தகடு, ரெண்டு லிட்டர் பிடிக்கணும். உன் புரோகிராம் அப்படி ஒரு அளவே இல்லங்குது. நான் அஞ்சு சென்டிமீட்டர் வெட்டி மடிச்சுத் தண்ணி ஊத்தியே பாத்துட்டேன். விளிம்பு வரைக்கும் ரெண்டு லிட்டர் நிக்குது."

"நிரல்லதான் ஏதோ தப்பு மாமா. பாத்துட்டுச் சொல்றேன்."

முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வெட்டின் அளவு ய செ.மீ. என்றால் தட்டின் அடிப்பக்கம் 30 − 2ய, உயரம் ய. கொள்ளளவு ய(30 − 2ய)². ய = 5 என்று போட்டால் 5 × 20 × 20 = 2000 கன செ.மீ., அதாவது சரியாக 2 லிட்டர். மாமாவின் தண்ணீர் பொய் சொல்லவில்லை. 2000-க்குச் சமப்படுத்தி விரித்து 4-ஆல் வகுத்தால் கிடைப்பது:

ய³ − 30ய² + 225ய − 500 = 0

இதைக் காரணிப்படுத்தினால் (ய − 5)²(ய − 20). 20 செ.மீ. வெட்ட வழியில்லை, ஏனென்றால் தகட்டின் பாதியே 15-தான். எஞ்சியது 5, அதுவும் இரண்டு முறை. பள்ளியில் "மெய் மற்றும் சமமான மூலங்கள்" என்று இருபடிச் சமன்பாட்டில் படித்தோமே, அதேதான். முப்படியிலும் அதற்கு மேலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் மூலத்தை மடங்கு மூலம் என்பார்கள். இங்கே 5-இன் மடங்கு 2.

என் நிரல் கெழுக்களைப் பைத்தானில் எண் கணக்குகளுக்கான நம்பை நூலகத்தின் 'ரூட்ஸ்' செயற்கூறிடம் கொடுத்து மூன்று மூலங்களை வாங்கும். அது கெழுக்களிலிருந்து ஓர் அணியை அமைத்து அதன் ஐகன் மதிப்புகளைக் (அந்த அணிக்கே உரிய சில எண்கள், அவைதான் கோவையின் மூலங்கள்) கண்டுபிடித்துத் தருகிறது. வந்த மூன்றில் கற்பனைப் பகுதி உள்ளவற்றை நான் தள்ளிவிடுவேன். மீதியில் 0-க்கும் 15-க்கும் இடையே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வேன். இடையில் ஓர் அச்சுக் கட்டளை போட்டு மூல மதிப்புகளை அப்படியே பார்த்தேன். 20 சுத்தமாக வந்திருந்தது. 5 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலப்பெண் இணை நின்றது. மெய்ப்பகுதி 5-ஐ ஒட்டியே இருந்தது. கற்பனைப் பகுதி தசமத்துக்குப் பின் எட்டாவது இடத்தில், ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் வடிகட்டி இரண்டையும் தள்ளிவிட்டது. 20-ஐ எல்லைச் சோதனை தள்ளியது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எட்டாவது இடம் என்பது என்னை உறுத்தியது. கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு உருட்டி வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி எண்களில் பிழை ஏறத்தாழ 2.2 × 10⁻¹⁶ விகிதத்தில்தான் வரும். பதினாறாவது இடத்தில் இருக்க வேண்டிய பிழை எட்டாவது இடத்துக்கு ஏன் வந்தது? வரைபடம் போட்டதும் புரிந்தது. 30 செ.மீ. தகட்டில் அதிகபட்சமாகவே 2 லிட்டர்தான் பிடிக்கும். அதனால் வளைவு அச்சை வெட்டாமல் கீழிருந்து வந்து 5-இல் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. தொடும் இடத்துக்கு அருகில் கோவையின் மதிப்பு கிட்டத்தட்ட −15(ய − 5)². கெழுக்கள் 500 வரை போவதால், வழியில் சேரும் உருட்டல் பிழை 10⁻¹³ அளவுக்கு இருக்கும். வளைவை அந்த மயிரிழை கீழே இறக்கினால் அது அச்சைத் தொடவே தொடாது, மூலங்கள் கலப்பெண்களாகிவிடும். எவ்வளவு தள்ளிப் போகும் என்றால், 10⁻¹³-ஐ 15-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 8 × 10⁻⁸ வருகிறது. நான் பார்த்த எட்டாவது இடம் அதுதான். இரட்டை மூலத்தில் பிழைக்கு வர்க்கமூலம் எடுக்கப்படுவதால் துல்லியமான இலக்கங்களில் பாதி போய்விடுகிறது.

முதல் வைத்தியமாக, கற்பனைப் பகுதி 10⁻⁶-ஐவிடச் சிறியதாக இருந்தால் அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். மாமாவின் தட்டு உடனே சரியானது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இதே தீர்வு நிரலை வேறு கணக்குகளுக்கும் வைத்திருக்கிறேன், அதனால் இன்னும் கடினமான ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். (ய − 2)⁵-ஐ விரித்தால் ய⁵ − 10ய⁴ + 40ய³ − 80ய² + 80ய − 32. ஐந்து மூலங்களும் 2-தான். கணினி தந்த ஐந்தும் 2-ஐச் சுற்றி ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் முனைகளைப் போல நின்றன. விலகல் தசமத்தின் மூன்றாவது இடத்திலேயே தொடங்கிவிட்டது. இங்கே பிழைக்கு ஐந்தாம் மூலம் எடுக்கப்படுகிறது. 10⁻⁶ என்ற என் வாசல் இதற்குப் போதாது. வாசலை 10⁻²-க்கு அகட்டினால் உண்மையிலேயே கலப்பெண்ணாக உள்ள மூலங்களும் உள்ளே வந்துவிடும். மடங்கு எத்தனை என்று தெரியாமல் வாசலை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

அடுத்து நியூட்டன்–ராப்சன்: ஓர் ஊகத்தில் தொடங்கி, கோவையை வகைக்கெழுவால் வகுத்து வரும் அளவைக் கழித்துக் கழித்து மூலத்தை நெருங்கும் முறை. சாதாரண மூலத்தில் இந்த முறையில் ஒவ்வோர் அடிக்கும் சரியான இலக்கங்கள் இரட்டிப்பாகும். மாமாவின் சமன்பாட்டில் 6-இலிருந்து தொடங்கினேன்:

6 → 5.4815 → 5.2367 → 5.1174 → 5.0585

பிழையை மட்டும் பாருங்கள்: 1, 0.48, 0.24, 0.12, 0.06. ஒவ்வோர் அடியிலும் பாதிதான் குறைகிறது. தொடும் இடத்தில் கோவையும் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது, வகைக்கெழுவும் போகிறது. அதனால் நியூட்டன் போடும் அடி, போட வேண்டியதில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. மடங்கு 2 என்று முன்பே தெரிந்தால் அடியை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தபோது 6 → 4.9630 → 4.99995 என்று போய், மூன்றாவது அடியில் ஒன்பது இலக்கங்களுக்கு மேல் 5-ஓடு ஒத்துப்போனது. என்ன ஒரு பாய்ச்சல்! ஆனால் அந்த 2 எங்கிருந்து வரும்? பிழை பாதிப்பாதியாகக் குறைவதை வைத்து மடங்கை ஊகிக்கலாம் (மடங்கு 3 என்றால் ஒவ்வோர் அடியிலும் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்), ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

மடங்கை உறுதியாகச் சொல்லும் வழி நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: பல்லுறுப்புக்கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தி, சுருக்கமாக மீ.பொ.வ. ஒரு மூலம் இரண்டு முறை வந்தால், கோவையை வகையிட்ட பிறகும் அது ஒரு முறை மிஞ்சும். மூன்று முறை வந்தால் வகைக்கெழுவில் இரண்டு முறை. ஒரே ஒரு முறை வந்த மூலம் வகைக்கெழுவில் இருக்கவே இருக்காது. ஆக, கோவைக்கும் அதன் வகைக்கெழுவுக்கும் மீ.பொ.வ. எடுத்தால் திரும்ப வரும் மூலங்கள் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு மடங்கு குறைந்து, தனியே வந்து நிற்கும். ஒரு மூலத்தைக்கூடக் கண்டுபிடிக்காமலே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

மாமாவின் தட்டுக்குக் கையாலேயே போட்டேன். வகைக்கெழு 3ய² − 60ய + 225. 3-ஐ வெளியே எடுத்தால் ய² − 20ய + 75. இதனால் ய³ − 30ய² + 225ய − 500-ஐ வகுக்க வேண்டும். ஈவின் முதல் உறுப்பு ய. பெருக்கிக் கழித்தால் −10ய² + 150ய − 500. அடுத்த உறுப்பு −10. பெருக்கினால் −10ய² + 200ய − 750, கழித்தால் மீதி −50ய + 250, அதாவது −50(ய − 5). இனி ய² − 20ய + 75-ஐ ய − 5-ஆல் வகுத்தால் ஈவு ய − 15, மீதி பூஜ்ஜியம். மீ.பொ.வ. ய − 5. அரைப்பக்கக் காகிதத்தில், எட்டாவது இடம் ஏழாவது இடம் என்ற பேச்சே இல்லாமல், 5 முழுசாக வந்து நின்றது.

வகைநுண்கணிதமே இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரின் மேயராகப் பலமுறை இருந்த யோஹான் ஹூடே 1657, 1658 ஆண்டுகளில் எழுதிய இரண்டு ஆக்கங்கள், தெக்கார்த்தின் வடிவியல் நூலுக்கு வான் ஸ்கூட்டென் கொண்டுவந்த லத்தீன் பதிப்பில் 1659-இல் வெளியாயின. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் வகையிடல் விதிகளை அச்சில் வெளியிட்டது 1684-இல்தான். ஹூடேயின் விதி இது: கெழுக்களை வரிசையாக ஏதாவது ஒரு கூட்டுத்தொடரின் உறுப்புகளால் பெருக்கு. பழைய கோவையில் இரட்டை மூலம் இருந்தால் புதிய கோவைக்கும் அது மூலமாக இருக்கும். நம் கெழுக்கள் 1, −30, 225, −500. 3, 2, 1, 0 என்று பெருக்கினால் வருவது வகைக்கெழுவை ய-ஆல் பெருக்கியதுதான். ஆனால் எந்தக் கூட்டுத்தொடரும் போகும் என்கிறாரே, 0, 1, 2, 3 எடுத்துப் பார்த்தேன். 0, −30, 450, −1500 வருகிறது. −30-ஐ வெளியே எடுத்தால் ய² − 15ய + 50 = (ய − 5)(ய − 10). 5 அங்கேயும் இருக்கிறது! கூட வந்தது 15-க்குப் பதில் 10, அது கூட்டுத்தொடரைப் பொறுத்து மாறும். மாறாமல் நிற்பது இரட்டை மூலம் மட்டும். ஹூடே இந்த விதியைப் பெரும மதிப்பு, சிறும மதிப்பு காணவும் பயன்படுத்தினார். மாமாவின் தட்டும் ஒரு பெருமக் கணக்குதான். முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு ஜி.ஐ. தகட்டில் அப்படியே பொருந்தியதைப் பார்த்து வெகுநேரம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிரலுக்கு வருவோம். மிதவைப் புள்ளி எண்களை வைத்து மீ.பொ.வ. போட்டால் கடைசி மீதி பூஜ்ஜியமாக வரவே வராது, 10⁻¹² போல ஏதாவது ஒன்று மிஞ்சும். அது பூஜ்ஜியமா, உண்மையான மீதியா என்ற பழைய கேள்வி மீண்டும் வாசலில் வந்து நிற்கும். அதனால் பைத்தானின் 'ஃபிராக்ஷன்' வகைக்கு மாறினேன். எல்லாக் கெழுக்களும் பின்னங்கள், வகுத்தல் துல்லியம், பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியமேதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். படி கூடக்கூட இடையில் வரும் பின்னங்கள் வேகமாகப் பெருத்துவிடும். ஒவ்வொரு மீதியையும் அதன் தலைக்கெழுவால் வகுத்து முதல் கெழுவை 1 ஆக்கிக்கொண்டே போனேன், என் கணக்குகளுக்கு அது போதுமாக இருந்தது.

சோதனைக்கு எடுத்தது ய⁶ + 4ய⁵ − 10ய⁴ − 40ய³ + 45ய² + 108ய − 108. இதன் வகைக்கெழுவோடு மீ.பொ.வ. எடுத்தால் ய³ + 4ய² − 3ய − 18 வருகிறது. முதல் கோவையை இதனால் வகுத்தால் ஈவு ய³ − 7ய + 6. எல்லா மூலங்களும் இதில் ஒவ்வொரு முறை மட்டும் இருக்கின்றன. இப்போது இந்த இரண்டு முப்படிகளுக்கும் மீ.பொ.வ. எடுத்தால், ஒரு முறைக்கு மேல் வரும் மூலங்கள் தனியாகப் பிரியும், ய² + ய − 6. ய³ − 7ய + 6-ஐ அதனால் வகுத்தால் ய − 1, அதுவே ஒற்றை மூலம். இதே சுற்றை மீண்டும் ஓட்டினால் இரட்டையாக ய − 2, மும்மடங்காக ய + 3. கோவை (ய − 1)(ய − 2)²(ய + 3)³ என்று பிரிந்துவிட்டது. இதையே குறைந்த வேலையில் செய்யும் வழி ஒன்றை டேவிட் யுன் 1976-இல் கொடுத்தார். கணினி இயற்கணித மென்பொருள்களில் பரவலாக இருப்பது அவருடைய படிமுறைதான். பிரிந்த ஒவ்வொரு துண்டிலும் மூலங்கள் ஒற்றையாகவே இருப்பதால், நம்பையோ நியூட்டனோ அதற்குப் பிறகு முழுத் துல்லியத்தோடு வேலை செய்யும்.

எல்லாம் முடிந்தது என்று மாமாவிடம் கொடுத்தேன். அவர் கையில் அன்று இருந்தது ஓரடித் தகடு. ஓரடி என்றால் 30.48 செ.மீ. அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். ஆறில் ஒரு பங்கை வெட்டினால் உச்சம், அதாவது 5.08 செ.மீ., அவர் பாஷையில் சரியாக ரெண்டு இஞ்சு. கொள்ளளவு 2097.544192 கன செ.மீ. இந்த எண்ணையே நிரலில் போட்டுச் சோதித்தேன். மீ.பொ.வ. 1 என்றது, மடங்கு மூலம் இல்லையாம்.

ஒரு மணி நேரம் தேடிய பிறகு அகப்பட்டது. 30.48-ஐ எண்ணாகவே ஃபிராக்ஷனுக்குக் கொடுத்திருந்தேன். கணினி அதை முதலில் இருமத்தில் உருட்டி, உருட்டிய எண்ணைத்தான் துல்லியமான பின்னமாக மாற்றுகிறது. 0.1-ஐ அப்படிக் கொடுத்துப் பாருங்கள், 1/10 வராது, 3602879701896397/36028797018963968 வரும். அந்தப் பின்னத்தில் நம் தகட்டின் 30.48 இல்லை. மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுத்தால் 30.48 என்பது 762/25 ஆகவே நிற்கிறது. ஒரே ஒரு ஜோடி மேற்கோள் குறி. மாற்றியதும் மீ.பொ.வ. ய − 127/25 என்று வந்தது. 127/25 என்பது 5.08.

மாமா அத்தனை தசமம் தட்டமாட்டார். 2097.5 என்றுதான் போட்டார். விட்ட அளவு 0.044 கன செ.மீ., ஒரு துளித் தண்ணீர் அளவு. அதற்கு உண்மையான மூலங்கள் 5.053, 5.107 என்று இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. துளி விட்டதற்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி! இங்கே நிரல் தவறு செய்யவில்லை, இரட்டை மூலத்தின் இயல்பே அதுதான். இதைத் திருப்பிச் சொன்னபோது மாமாவுக்கு முகம் மலர்ந்தது. வெட்டும்போது கால் மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போனாலும் கொள்ளளவில் ஒரு துளிதான் குறையும். தொடும் இடத்தில் வளைவு தட்டையாக இருப்பதால் மூலத்தைப் பிடிப்பது கடினம், அதே தட்டையால் கத்தரி பிசகினாலும் தட்டு பிழைத்துக்கொள்கிறது.

அளந்து தட்டும் எண்களுக்கு அதனால் வேறொரு வழி சேர்த்திருக்கிறேன். முதலில் வகைக்கெழுவின் மூலத்தைக் காண்கிறேன். கோவைக்கு இரட்டையான மூலம் வகைக்கெழுவுக்கு ஒற்றை, அதனால் முழுத் துல்லியத்தோடு கிடைக்கும். அந்த இடத்தில் கொள்ளளவைப் போட்டுப் பார்த்து, கேட்ட அளவிலிருந்து ஒரு மில்லிலிட்டருக்குள் இருந்தால் அதையே விடையாகக் கொடுக்கிறேன். நீள்சதுரத் தகட்டுக்கும் இதுவே கைகொடுக்கிறது. 24 × 15 தகட்டில் 3 செ.மீ. வெட்டினால் 486 கன செ.மீ. என்று சுத்தமாக உச்சம் வரும், ஆனால் 30 × 20 தகட்டில் உச்சம் விகிதமுறா எண்ணில் விழுகிறது. அங்கே பின்னத்தை வைத்து மீ.பொ.வ. தேடிப் பயனில்லை.

மும்மடங்கு, நான்மடங்கு மூலங்கள் கெழுக்களின் பிழையோடு வரும்போது என்ன செய்வது என்பது இதைவிடக் கடினம். ஒரே மடங்கு அமைப்புள்ள கோவைகளெல்லாம் சேர்ந்து ஒரு பரப்பாக இருக்கின்றன, அந்தப் பரப்பை விட்டு விலகாமல் தேடினால் மூலங்கள் மீண்டும் உறுதியாகிவிடும் என்று வில்லியம் காஹன் 1972-இல் காட்டினார். அதை அடிப்படையாக வைத்து ஜோங்காங் ஜெங் எழுதிய 'மல்ட்ரூட்' நிரல் 2004-இல் வந்தது. அதை என் தீர்வு நிரலுக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன், (ய − 2)⁵-இன் ஐங்கோணம் இன்னும் பாக்கி இருக்கிறது.

மாமாவின் பதிப்பில் கடைசியாகச் சேர்த்தது ஒரு வரி. இரட்டை மூலம் வந்தால் வெட்டின் அளவுக்குக் கீழே "இந்தத் தகட்டுக்கு இதுவே உச்சம், இதற்கு மேல் பிடிக்காது" என்று காட்டும். நேற்று யாரோ முப்பது சென்டிமீட்டர் தகட்டில் இரண்டேகால் லிட்டர் கேட்டார்களாம். மாமா இரண்டு லிட்டருக்கு வரும் அந்த வரியைத் திருப்பிக் காட்டி, பெரிய தகடு வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.